உள்ளே காலியான ஒரு மில்ஸ் குண்டு

இங்கிலாந்தில் பழைய ராணுவச் சாமான் சந்தைக்குப் போனால், பட்டன், பதக்கங்களுக்கு நடுவே மில்ஸ் குண்டும் கிடக்கும். வில்லியம் மில்ஸ் 1915-ல் பர்மிங்காமில் தயாரிக்கத் தொடங்கிய கையெறிகுண்டு அது. பிறகு கோடிக்கணக்கில் வார்த்தார்கள், அதனால் கிடைப்பது பெரிய விஷயமில்லை. உள்ளே உண்மையிலேயே ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்வதில்தான் பாடு.

சட்டத்தை முதலில் பார்த்துக்கொண்டேன். இங்கே 1968 ஆயுதச் சட்டம் கையெறிகுண்டையும் தோட்டா வகையறாவிலேயே சேர்க்கிறது. வெடிமருந்தும் அதை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டரும் இல்லாத வெற்று இரும்பை வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆனால் 'இல்லை' என்று யார் சொல்வது?

நான் தேடியது 36எம் ரகம். முதல் உலகப்போரின் கடைசியில், மெசபடோமியா போர்முனையின் ஈரத்தையும் வெக்கையையும் தாங்க அரக்கு பூசி அடைத்த வகை இது. ஒரு விற்பனையாளரிடம் நல்ல பெயின்டோடு ஒன்று இருந்தது. அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "துருப்பிடித்து இறுகிவிட்டது, ஆனால் காலிதான்" என்றார். சரி என்று நகர்ந்துவிட்டேன். இறுகிய மூடியை வீட்டில் பிடித்துத் திருகுகிற வேலையெல்லாம் சேகரிப்பாளர் செய்யக் கூடாது.

வேறொருவர் கேட்பதற்கு முன்பே கழற்றி வைத்திருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன்: நடுக்குழாயில் ஸ்பிரிங்கும் அதன் விசையில் அடிக்கும் ஊசியும் மட்டும். பக்கத்தில் டெட்டனேட்டர் இருக்க வேண்டிய சிறிய குழாய் வெறுமை. மருந்து ஊற்றும் துளையின் திருகும் வெளியே. உள்சுவரில் பொடியோ பிசினோ ஒட்டியிருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தேன், வெறும் வார்ப்பிரும்பு. ரசீதில் 'வெடிமருந்து இல்லை, பாகங்கள் பிரித்துச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் கழற்றிய நிலையிலேயே படமெடுத்து, ரசீதோடு ஒரே பெட்டியில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் விவரம் ஒட்டியிருக்கிறேன். இறந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது பரணில் குண்டு கிடைத்து, தெருவையே காலி செய்து ராணுவத்தை அழைத்த செய்திகள் இங்கே அடிக்கடி வரும். என் பிள்ளைகளுக்கு அந்த வேலை வைக்க மனமில்லை.

தோட்டா உறைகள் இதைவிடச் சுலபம். .303 ரகத் துப்பாக்கித் தோட்டா உறையின் அடியில் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, குத்துப்பட்டிருந்தால் அது சுட்ட தோட்டா. 'கே எஃப்' என்று முத்திரையிட்ட ஒன்று கிடைத்தது. புனே அருகே கிர்க்கித் தொழிற்சாலையில் செய்தது. பித்தளை விலைக்குத்தான் கொடுத்தார்கள், எனக்கோ அந்தக் குண்டைவிட இதன்மேல்தான் பிரியம்.

பிரான்சில் முதல் உலகப்போர் நடந்த சோம் பக்கம் போனபோது வயல் ஓரத்தில் விவசாயிகள் உழவில் கிளம்பிய குண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், வெடிகுண்டு அகற்றும் படை வந்து எடுத்துப் போக. அவற்றைத் தொடவே கூடாது. நூறு வருடம் மண்ணில் கிடந்தாலும் மருந்து சாகாது, சிலவற்றில் விஷவாயுவும் உண்டு. காலியான குண்டைக்கூட அங்கிருந்து லண்டன் திரும்பும் யூரோஸ்டார் ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள்.

ஊரிலிருந்து தம்பி, "ஒன்னு கொண்டு வாண்ணே, ஷோகேஸ்ல வைக்கலாம்" என்றான். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் குண்டு மட்டுமல்ல, அதன் பாகங்களும் தோட்டா வகையில்தான் வருகின்றன. விமான நிலையத்தில் ரசீதைக் காட்டி வாதாட எனக்குத் தெம்பில்லை. சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டின் சிதறல் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டேன்.