பீரோவில் இருந்த மஞ்சள் பை

2001 மார்ச். பாஜக தலைவர் பங்காரு லட்சுமணன் ஒரு லட்ச ரூபாயை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைப்பதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கொடுத்தவர்கள் ஆயுத வியாபாரிகளாக நடித்த, தெஹல்கா என்ற செய்தி இணையதளத்தின் நிருபர்கள்.

அப்பா அப்போது எங்கள் ஊர் நகராட்சியில் கவுன்சிலர். தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்துவிட்டது. அம்மா மெதுவாகக் கேட்டார்: "என்னங்க, அந்தப் பை இன்னும் பீரோவுலதானே இருக்கு?"

ரோடு கான்ட்ராக்டர் ஒருவர் நான்கு நாள் முன்பு விட்டுப்போன மஞ்சள் பை. அப்பா அதைப் பிரிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அக்கா கல்யாணக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். அந்த நான்கு நாளும் வாசலில் யார் வண்டி நின்றாலும் எழுந்து ஜன்னலுக்குப் போவார்.

அன்று இரவே டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பயத்தில்தான் கொடுத்தார் என்பாள் அக்கா. சரி, இருக்கட்டும். அவர் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை.

லட்சுமணன் உடனே கட்சித் தலைவர் பதவியிலிருந்து விலகினார். தீர்ப்பு வந்தது 2012 ஏப்ரலில்தான்: நான்கு ஆண்டு சிறை. அதைப் பேப்பரில் படித்த அப்பா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.