நார்மன் நகரத்துத் தாத்தாக்களும் சாஃப்ட்பால் பெண்களும்

ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மனுக்குக் குடிவந்தவரிடம் ஊர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது, வீட்டில் புயலுக்குப் பதுங்கும் அறை இருக்கிறதா என்று. அடுத்த கேள்வி, பேஸ்பாலுக்குத் தங்கை போன்ற சாஃப்ட்பால் ஆட்டத்தைப் பார்த்தாயிற்றா.

இங்குள்ள ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்பால் மைதானமான லவ்ஸ் ஃபீல்டு 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. 4,200 பேர் கொள்ளும் அரங்கு, ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்காக! 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை தேசியப் பட்டம் வென்ற அணி என்பதால் ஊருக்கு அந்தப் பெருமிதம் உண்டு. ஆனால் திறப்பு வார இறுதியிலேயே லூசியானா அணி வந்து, 71 ஆட்டங்களாக நீடித்த வெற்றித் தொடரை முறித்துவிட்டது. அந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் துக்க வீட்டுக் குரல்தான்.

கூட்டத்தில் என்னைக் கவர்ந்தவர்கள் தாத்தாக்கள். பண்ணைத் தொப்பியும் தடித்த கைகளுமாக வந்து, மடியில் ஸ்கோர் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிக்கிறார்கள். பேத்தி வயதுப் பெண்களின் ஆட்டத்தை இவ்வளவு மரியாதையோடு அலசும் ஆண்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் "பூமர்" என்று முழங்க, மறுபக்கம் "சூனர்" என்று பதில் வரும்; பல்கலைக்கழகத்தின் முழக்கம் அது. அதில் எல்லோரையும் விட உரக்கக் கத்துபவர்களும் இவர்களே.

கிரிக்கெட்டில் ஊறிய கண்ணுக்கு முதலில் உறைப்பது தூரம். பந்து வீசுபவர் 43 அடியில் நிற்கிறார். கையைக் கீழிருந்து சுழற்றி எறியும் பந்து இமைப்பதற்குள் வந்து சேர்கிறது. இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்; மொத்தம் ஏழு. ஐந்தாவது முடியும்போது எட்டு ரன் முன்னிலை இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கொடுத்த காசு பாதி வீண் என்று எனக்குத் தோன்றும். பக்கத்து இருக்கைப் பெரியவருக்கோ அதில்தான் திருப்தி.

வசந்த காலம் என்றால் மின்னலும் உண்டு. அருகில் ஒன்று வெட்டினால் ஆட்டம் அரை மணி நேரமாவது நிற்கும்; மீண்டும் வெட்டினால் கணக்கு முதலிலிருந்து. அப்படி ஒரு மாலையில் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றபோது, எங்கள் ஊர் ஆட்டத்தைப் பற்றி அந்தப் பெரியவர் கேட்டார். டெஸ்ட் போட்டி ஐந்து நாள் நடக்கும் என்றேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "ஐந்து நாளா? உங்கள் ஊரில் மின்னலே வெட்டாதா?"