18 கிராம் வெள்ளி

போன மாசம் ஏற்காட்டுக்கு பஸ்ல போயிட்டு இருந்தேன், அடிவாரம் தாண்டி நாலஞ்சு கொண்டை ஊசி வளைவு ஏறியிருக்கும், பின் சீட்டுல ஒரு அம்மா குழந்தைக்கு ஊட்ட டிபன் பாக்ஸ திறந்தாங்க. புளிசோறு வாசனை. அவ்ளோதான், அடிவயித்துல யாரோ கைய விட்டு பிசையிற மாதிரி ஆயிடுச்சு. மொதல்ல வளைவுல தான் பிரட்டுதுன்னு நெனச்சேன். அது இல்ல, 2009ல நடந்த விஷயம்.

அப்பாவுக்கு அப்போ சேலம் சிவதாபுரத்துல கொலுசு பட்டறை. காலைல வெள்ளிய எடை போட்டு குடுப்போம், சாயங்காலம் எடை போட்டு வாங்குவோம், சேதாரம் போக கணக்கு சரியா நிக்கணும். அன்னிக்கு அப்பா ஊர்ல இல்ல, நான் தான் தராசு முன்னாடி உக்காந்திருந்தேன், 18 கிராம் குறையுது. எனக்கு 22 வயசு. பல வருஷமா எங்ககிட்ட இருந்த ஒரு அண்ணன கூப்பிட்டு, மத்த நாலு பேர் பாத்துட்டு இருக்கும்போதே அவரோட டிபன் பாக்ஸ வாங்கி திறந்து பாத்தேன். மிச்சம் வச்ச புளிசோறு தான் இருந்துச்சு. அவரு மூடிய மூடிட்டு ஒரு வார்த்தை பேசாம கிளம்பிட்டாரு, திரும்ப வேலைக்கு வரவே இல்ல. மூணாம் நாள் தராசு பெட்டிய நகத்தினா அடியில அறுந்த செயின் துண்டு கிடக்குது. எடை போட்டேன், 18. அப்பாகிட்ட கணக்குல தப்புன்னு சொன்னேன். அந்த நாலு பேர்கிட்ட எதுவுமே சொல்லல.

ஊருக்கு திரும்புனதும் இத பத்தி நெறைய படிச்சேன், ஏன்னா பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு வாசனை எப்படி இவ்ளோ சீக்கிரம் இழுத்துட்டு போகுதுன்னு புரிஞ்சே ஆகணும்னு இருந்துச்சு. பாக்குறது கேக்குறது எல்லாம் தாலமஸ்னு ஒரு ஜங்ஷன் வழியா தான் மூளைக்குள்ள போகுமாம், வாசனை மட்டும் அங்க நிக்காம நேரா அமிக்டலா பக்கம் போயிடும், பயம் கோபம்லாம் பதியிற இடம் அது, பக்கத்துலயே நினைவுகள சேக்குற ஹிப்போகேம்பஸ். அப்புறம் அந்த வயித்து பிசைவு. மூளையோட பக்கவாட்டு மடிப்புக்குள்ள இன்சுலான்னு ஒரு பகுதி ஒளிஞ்சிருக்கு, லத்தீன்ல தீவுன்னு அர்த்தம். இதயம், குடல், மூச்சுன்னு உடம்புக்கு உள்ள என்ன நடக்குதோ அதெல்லாம் நமக்கு தெரியிறது அது மூலமா தான். குமட்டலுக்கும் அதுக்கு பங்கு இருக்கு, செஞ்ச தப்ப நெனைக்க சொல்லி ஸ்கேன் எடுத்த ஆய்வுகள்லயும் அந்த இடம் தான் திரும்ப திரும்ப வருது. பஸ்ல எனக்கு எது வளைவு எது மனசுன்னு தெரியாம போனதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா குற்ற உணர்ச்சிக்குன்னு தனியா ஒரு இடம் மூளைல கிடையாது. காதுக்கு பின்னாடி கொஞ்சம் மேல இருக்குற பகுதி அடுத்தவங்க மனசுல என்ன ஓடும்னு கணக்கு போடும், அதான் அந்த மூடிய மூடுன கை எனக்கு வந்துட்டே இருக்கு. கண்ணுக்கு மேல இருக்குற முன்பகுதி 'அப்படி செய்யாம இருந்திருந்தா'ன்னு நடக்காத ஒன்ன நடந்ததோட வச்சு பாக்கும். 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு, அந்த முன்பகுதி அடிபட்டவங்கள சூதாட்டம் மாதிரி ஒரு விளையாட்டு ஆட வச்சாங்க. தோத்தா அவங்களுக்கும் கஷ்டமா தான் இருந்துச்சு, ஆனா இன்னொன்ன எடுத்திருந்தா ஜெயிச்சிருப்பீங்கன்னு காட்டுனா மத்தவங்களுக்கு வர்ற வருத்தம் அவங்களுக்கு வரல. அத படிச்சப்போ எனக்கு இது வலிக்குதேங்கறது கூட ஒரு வகைல ஆறுதலா இருந்துச்சு. நம்ம ஊர்ல உறுத்துதுன்னு சொல்றோம் பாருங்க, செருப்புக்குள்ள கல்லு போனாலும் உறுத்துது தான், கழட்டி உதறுற வரைக்கும் விடாது.

இன்னொன்னும் எனக்கு தெளிவாச்சு. ஹெலன் பிளாக் லூயிஸ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1971லயே அவமானத்தையும் குற்ற உணர்ச்சியையும் பிரிச்சு எழுதியிருக்காங்க, 'நான் கெட்டவன்'ங்கறது அவமானம், 'நான் செஞ்சது கெட்டது'ங்கறது குற்ற உணர்ச்சி. மொதல்ல சொன்னது ஆள ஒளிய வைக்கும், ரெண்டாவது போய் சரி பண்ண சொல்லும். இத்தன வருஷம் நான் ஒளிஞ்சுட்டு தான் இருந்திருக்கேன்.

விசாரிச்சு அந்த பட்டறை அண்ணன் வீட்ட கண்டுபிடிச்சு போனேன். அம்மாபேட்டைல மகன் வீட்டுல இருக்காரு. அந்த செயின் துண்டு கிடைச்சத சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அது எனக்கு தெரியும் தம்பி, நான் எடுக்கலையே. ஆனா அன்னிக்கு உங்கள கெட்ட வார்த்தைல திட்டிட்டு போனேன் பாருங்க, உங்கப்பா சோத்துல வளந்தவன் நான், அவரு தவறுனப்போ வாசல் வரைக்கும் வந்துட்டு அந்த நெனப்புல உள்ள வராம போயிட்டேன்"னாரு.

எனக்கு அந்த திட்டு சுத்தமா ஞாபகத்துல இல்ல. அவரு பேசாம போனதா தான் ஆயிரம் தடவை பாத்திருக்கேன். 2000ல எலிகள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, பழைய பயத்த ஞாபகப்படுத்திட்டு உடனே ஒரு மருந்த மூளைல ஏத்துனா அந்த பயம் திரும்ப பதியல. ஒரு நினைவ எடுக்குறப்போ அது இளகி, மறுபடி இறுகுதாம். உருக்கி உருக்கி வாக்குற வெள்ளி மாதிரி. நான் ஒவ்வொரு தடவை எடுத்து பாக்கும்போதும் அவர் வாய மூடி மூடி வச்சிருக்கேன் போல, இல்ல அவரு மனசுக்குள்ள திட்டுனத வாய் விட்டு திட்டுனதா அவரு மாத்திக்கிட்டாரா. ரெண்டு பேருக்கும் இப்ப தெரியாது.

அவர் கைய பிடிச்சுட்டு தான் உக்காந்திருந்தேன், வீட்டுல இருந்த அக்கா காபி கொண்டு வந்து வச்சது ஆறியே போச்சு. அந்த நாலு பேர்ல ரெண்டு பேர்கிட்ட போய் சொல்லிட்டேன். மூணாவது ஆள் பனங்காட்டுல இருக்காராம், ஞாயித்துக்கிழமை போறேன்.