சாவியைக் கவ்விய வெள்ளை நரி

கியோத்தோவிலிருந்து உள்ளூர் ரயிலில் இரண்டாவது நிலையம் இனாரி. இறங்கி சாலைக்கு வந்ததுமே எதிரில் ஃபுஷிமி இனாரி கோயிலின் செந்நிறத் தோரணவாயில் தெரிகிறது. 711-ஆம் ஆண்டில் தோன்றியது என்பது மரபு. ஜப்பான் எங்கும் நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய இனாரி தெய்வத்துக்கு ஆயிரக்கணக்கில் கோயில்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் இதுவே தலைமை.

1589-இல் ஜப்பானை ஆண்ட தளபதி ஹிதேயோஷி எழுப்பிய வாயில் மாடத்தின் இருபுறமும் நரிகள். ஒன்றின் வாயில் மணிக்கல், மற்றதன் வாயில் சாவி. நெற்களஞ்சியத்தின் சாவியாம். அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஜப்பானியக் கதைகளில் வரும் கித்சுனே என்ற நரி லேசுப்பட்டதா? இலையைக் காசாக்கிக் கடைக்காரனை ஏய்க்கும். பெண்ணுருவில் வந்து குடும்பமே நடத்தும். தமாமோ நோ மாயே என்ற பேரழகியாக அரண்மனைக்குள் புகுந்து பேரரசரையே நோயில் தள்ளியதும் ஒன்பது வால் நரிதான். அந்த இனத்திடமா களஞ்சியச் சாவி! நரியைப் பரியாக்கிய பெருமானைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு இது விளங்காமல் போகுமா? கண்கள் நிறைந்துவிட்டன.

பலர் நரியையே இனாரி என்று நினைத்துவிடுகிறார்கள். வெள்ளை நரிகள் தெய்வத்தின் தூதர்கள், அவ்வளவே. இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிந்து வணங்கிவிட்டு மலையேறினேன்.

233 மீட்டர் உயரம்தான். வழி நெடுக, தோளோடு தோள் உரசினாற்போல் தோரணவாயில்கள். எல்லாம் வேண்டுதலும் நன்றியுமாக வந்த காணிக்கைகள். ஏறும்போது வெறும் சிவப்புத் தூண்கள். திரும்பிப் பார்த்தால்தான் கொடுத்தவர் பெயரும் நாளும் கறுப்பு எழுத்தில் தெரியும்.

பாதி வழியில் வெயிலோடு தூறல் போட்டது. ஜப்பானியர் இதை நரியின் கல்யாண ஊர்வலம் என்கிறார்கள். 'காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம்' என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடிய நாள்கள் நெஞ்சை முட்டின.

ஒதுங்கிய இடத்தில் இடுப்புயரக் கல் சந்நிதி ஒன்று. அங்கிருந்த கல்நரியின் ஒரு காதில் பாசி படர்ந்திருந்தது. ஒரு பாட்டி குடையை மடக்கிவிட்டுப் பொரித்த தோஃபு ஒரு துண்டை அதன் காலடியில் வைத்தார். நரிக்குப் பிடித்த பண்டம். கைதட்டி வணங்கினார். பிறகு நனைந்து சுருண்டிருந்த அதன் சிவப்புக் கழுத்துத் துணியை, பள்ளிக்குக் கிளம்பும் பேரனுக்குச் சட்டையைச் சரிசெய்வதுபோல், இழுத்து நேராக்கினார்.