கேட்டலேஸ் யாரிடம் இல்லை? நெட் தேர்வில் என்னைக் காப்பாற்றிய பட்டியல்

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. சிஎஸ்ஐஆர் நெட் (உயிர் அறிவியல்) தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை, கிடைத்துவிட்டது. போன தடவை மயிரிழையில் தவறியதால், இன்னும் நம்பாமல் மார்க்கைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். யூனிட் 4-ல் ஒட்டுண்ணிப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னைக் கவிழ்த்ததும் அதுதான், தூக்கிவிட்டதும் அதுதான்.

பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி மையத்தின் நோட்ஸில் இதற்கு ஒரே வரி: மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கும் வெள்ளணு) ஆர்ஓஎஸ் (செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் பொருட்கள்) விடும், புரோட்டோசோவா (ஒருசெல் ஒட்டுண்ணிகள்) கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் என்சைம்), குளுட்டதயோன் ரிடக்டேஸ் (குளுட்டதயோன் என்ற பாதுகாப்புப் பொருளைப் புதுப்பிக்கும் என்சைம்) வைத்துச் சமாளிக்கும். நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். பார்ட் சி-யில் லீஷ்மேனியா (காலா அசார் ஒட்டுண்ணி) பற்றி நாலு கூற்று வந்தது. அந்த வரியை நம்பி டிக் அடித்தேன். லீஷ்மேனியாவிடம் அந்த இரண்டுமே கிடையாது! வயிறு எரிந்தது.

இந்த முறை நான் செய்தது ஒன்றே ஒன்று. யாரிடம் என்ன இல்லை என்று ஒரு அட்டையில் எழுதிக்கொண்டேன்.

- லீஷ்மேனியா, ட்ரிப்பனோசோமா (தூக்க நோய் ஒட்டுண்ணி): கேட்டலேஸ் இல்லை, குளுட்டதயோன் ரிடக்டேஸ் இல்லை. அதற்குப் பதில் ட்ரைபனோதயோன் என்ற பாதுகாப்புப் பொருளும் அதன் ரிடக்டேஸும் உண்டு.
- பிளாஸ்மோடியம் (மலேரியா ஒட்டுண்ணி): கேட்டலேஸ் இல்லை. ஆனால் குளுட்டதயோன் ரிடக்டேஸ் உண்டு.
- டாக்ஸோபிளாஸ்மா: கேட்டலேஸ் உண்டு. பிளாஸ்மோடியத்தின் சொந்தக்காரன்தானே என்று ஏமாறாதீர்கள்.
- என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா (சீதபேதி அமீபா): குளுட்டதயோனே இல்லை. அந்த வேலையைப் பெரும்பாலும் சிஸ்டீன் (cysteine) பார்க்கிறது.

கடலூரிலிருந்து அரியாங்குப்பத்துக்கு வேலைக்குப் போகிறேன். தினமும் பஸ்ஸில் இந்த அட்டையை முணுமுணுப்பேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த பூக்கார அம்மா, "ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் ஏறும். குரூப் ஸ்டடி எல்லாம் சரிப்பட்டு வராது.

பட்டியல் மட்டும் போதாது, ஒரு சங்கிலியும் வேண்டும். அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குங்கள். மேக்ரோஃபேஜுக்குள் ஐநாஸ் (iNOS) என்ற என்சைம் அதை எடுத்தால் நைட்ரிக் ஆக்சைடு வரும். என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் தரும் சூப்பராக்சைடு அதோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட், ஒட்டுண்ணிக்கு விஷம். அதே அர்ஜினினை ஆர்ஜினேஸ் என்ற இன்னொரு என்சைம் பிடித்துக்கொண்டால் ஆர்னிதின், புட்ரெசின், ஸ்பெர்மிடின் என்று போகும். ஒரு ஸ்பெர்மிடின் இரண்டு குளுட்டதயோனை இணைத்தால் அதுதான் ட்ரைபனோதயோன். அதாவது எந்த என்சைம் முந்துகிறது என்பதைப் பொறுத்து ஒரே அமினோ அமிலம் ஆயுதமும் ஆகும், கேடயமும் ஆகும். ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குத் தரும் எஃப்ளார்னிதின் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸை (ஆர்னிதினைப் புட்ரெசினாக்கும் என்சைம்) அடைப்பதும், லீஷ்மேனியாவுக்குத் தரும் ஆன்டிமனி மருந்து ட்ரைபனோதயோன் ரிடக்டேஸைத் தாக்குவதும் இந்தச் சங்கிலியிலேயே வந்துவிடும்.

ட்ரைபனோதயோனைக் கண்டறிந்து ஃபேர்லாம்ப், செராமி ஆய்வுக் குழு வெளியிட்டது 1985-ல். புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். தேர்வில் ஆண்டு கேட்க மாட்டார்கள், இருந்தாலும் எனக்கு இப்படி ஒட்டினால்தான் நிற்கும்.

அப்புறம் மலேரியா. இங்கே எதிரி வெளியிலிருந்து வருவதற்கு முன்பே, தின்ற சாப்பாட்டிலேயே ஆபத்து இருக்கிறது. ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் செரித்தால் ஹீம் (இரும்புள்ள பகுதி) மிஞ்சும், அது நச்சு. அதை ஒட்டுண்ணி ஹீமோசோயின் என்ற படிகமாக்கி ஒதுக்குகிறது. குளோரோகுயின் மருந்து தடுப்பது அந்த வேலையைத்தான். ஆர்ட்டிமிசினின் மருந்தின் பெராக்சைடு பாலம் உடைந்து அது வேலை செய்யவும் அந்த ஹீமும் இரும்புமே காரணம்.

ஜி6பிடி (சிவப்பணுவில் என்ஏடிபிஎச் உண்டாக்க உதவும் என்சைம்) குறைபாட்டை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். சிவப்பணுவில் குளுட்டதயோனைப் புதுப்பிக்கத் தேவையான என்ஏடிபிஎச் குறைவு, ஒட்டுண்ணி புகுந்த அணு சீக்கிரம் பழுதாகி மேக்ரோஃபேஜிடம் மாட்டும், அதனால் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. அதே ஆளுக்கு பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தால் அவருடைய நல்ல அணுக்களே உடையும். கூற்று–காரணம் கேள்விக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

தேர்வன்று:
- பார்ட் சி-யில் 75 கேள்வியில் 25-க்குப் பதில் எழுதினால் போதும். நான் 21-தான் தொட்டேன்.
- "எல்லா", "எப்போதும்" என்று வந்த கூற்றை இரண்டு தடவை படித்தேன்.
- காலையில் இட்லி இரண்டுக்கு மேல் வேண்டாம். எனக்குத் தூக்கம் வரும்.

பார்ட் ஏ கணக்கைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதில் பாதி குருட்டாம்போக்கில் அடித்ததுதான்.