மூன்று நிற நூல்

இன்று மாலை எங்கள் இளைஞர் மன்ற அறையைப் பெருக்கும்போது, அலமாரிக்கு அடியில் ஒரு பழைய வாலிபால் கிடைத்தது.

காற்று இல்லை. தோல் உரிந்திருந்தது. ஆனால் மூன்று இடங்களில் தையல், மூன்றும் வெவ்வேறு நிற நூலில்.

புதுப் பந்து வாங்கப் பணம் இல்லாத நாட்களில் யார் யாரோ உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். தூக்கிப் போட மனம் வரவில்லை.

இந்த ஆட்டமே இப்படி ஒரு மன்றத்தில் பிறந்ததுதான். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் வில்லியம் மோர்கன் உருவாக்கினார். கூடைப்பந்து அளவுக்கு ஓட முடியாத, வயது கூடியவர்களும் ஆட வேண்டுமே என்று யோசித்தார்.

அந்த ஒய்.எம்.சி.ஏ.வும் 1844இல் லண்டன் துணிக்கடை ஊழியர்கள் சிலர் ஒரு அறையில் கூடித் தொடங்கியதுதான்.

ஒரு அறை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. வீட்டில் சொல்ல முடியாததை இந்த அறையில் வந்து சொன்ன பிள்ளைகள் எனக்குத் தெரியும். பரீட்சையில் தோற்ற அன்று நேராக இங்கே வந்து உட்கார்ந்தவனைத் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம், ஆட வந்த சிறுவன் ஒருவன் அந்தப் பந்தை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணா, ஊசி நூல் இருக்கா?"