மேசை பொம்பளையாம்!

எங்கள் வீட்டில் இப்போது எந்தச் சாமானைத் தொட்டாலும் அதன் நெற்றியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. நீலம் என்றால் ஆண், ரோஸ் என்றால் பெண். எல்லாம் பாப்பாவின் கைவண்ணம், ஆச்சிக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறாளாம். மேசை ரோஸ், நாற்காலி ரோஸ், கட்டில் ரோஸ், சோபா நீலம். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் இரண்டு நிறமும் உண்டு, ஏனென்றால் 'நெவேரா' என்று சொன்னால் அது பெண், 'ஃப்ரிகொரிஃபிகோ' என்று சொன்னால் அதே பெட்டி ஆண். காலியாக இருந்தால் முன்னதற்கு 'பாசியா', பின்னதற்கு 'பாசியோ'. எப்படிச் சொன்னாலும் உள்ளே பால் இல்லை, அதை வாங்கி வரவேண்டியது நான்.

அம்மாவை உங்களுக்குத்தான் தெரியுமே. பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு வாசலில் ஒட்டுகிற சுவரொட்டியில் ஒற்று விட்டிருந்தால் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய்த் திருத்துகிற ஆள். அவள் மாட்ரிட்டுக்கு வந்து, வெளியே 38 டிகிரி வெயிலில் சன்னல் மறைப்பை இறக்கிவிட்டு இருட்டறையில் உட்கார்ந்து, எட்டு வயசுப் பேத்தியிடம் பாடம் கேட்கிறாள் என்றால் என்ன நடக்கும்? பாடம் நடக்காது, பட்டிமன்றம்தான் நடக்கும்.

முதல் தகராறு மேசையில். "மேசை பொம்பளைன்னு எவன்ட்டி பார்த்தான்?" என்றாள். பாப்பாவுக்குப் பதில் தெரியவில்லை, அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். 'மேசா' என்பதால் பெண், சிவப்பு மேசை என்றால் 'மேசா ரோஹா', சிவப்புப் புத்தகம் என்றால் 'லிப்ரோ ரோஹோ', நிறைய மேசை என்றால் நிறமும் நிறையவாகி 'ரோஹாஸ்' என்று நான் சமாதானம் சொல்லப் போனேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றினால் என்ன அர்த்தம் என்று அவளிடம் படித்தவர்களுக்குத் தெரியும். "மேசைங்கிற சொல்லே போர்ச்சுகீசியன் கொண்டாந்து குடுத்ததுட்டி. அவன் ஊர்லயும் அது பொம்பளதான். நம்ம ஊர்ல கப்பலை விட்டு இறங்கும்போது அஃறிணையா இறங்கிட்டுல்லா? இங்க இருக்கவனுக்கு மட்டும் அது ஏன் புரியல?"

இதற்கு நான் என்ன சொல்ல?

"நல்ல பையன் வந்தான், நல்ல பொண்ணு வந்தா, நல்ல மாடு வந்துச்சு. 'நல்ல' எங்கட்டி மாறிச்சு? வாரவன் ஆம்பளையா பொம்பளையான்னு வினைமுற்று சொல்லும். இவன் வினைமுற்றுல அதைச் சொல்லுதானா?" என்று அடுத்த கேள்வி. சொல்வதில்லை. ஸ்பானிஷில் வந்தான், வந்தாள் இரண்டுக்கும் ஒரே 'வினோ'தான். அம்மா அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ வந்தது ஆணா பொண்ணான்னு சொல்லமாட்டான், வந்து உட்கார்ந்த நாற்காலி பொம்பளைன்னு மட்டும் சொல்லுவான்."

சத்தியமாக இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றியதில்லை. மாலை வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, பெயர் எந்தப் பாலோ எந்த எண்ணோ பெயரடையும் அதே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற எனக்குத் தோன்றாதது, வந்து ஜெட்லாக் தெளியாத அம்மாவுக்குத் தோன்றுகிறது. எரிச்சலாக இருக்குமா இருக்காதா?

இவர் கதை வேறு. மாப்பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. எதுவாக இருந்தாலும் ஓ போடு, அதுதான் அவர் கொள்கை. வீடு அழகோ அழகு என்றால் 'காசா பொனிட்டோ', சட்னி காரம் என்றால் 'சால்சா பிக்காந்தோ'. பிக்காந்தே என்பது இரண்டு பாலுக்கும் ஒன்றுதான், அதில் ஓ போடவே இடமில்லை என்று பாப்பா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா முன்னால் இப்படி, ஆச்சி முன்னால் அப்படி, நடுவில் அந்தக் குழந்தை 'ஏல் ஆகுவா ஃப்ரியா' என்று தண்ணீருக்கு முன்னால் ஆண் சொல்லும் பின்னால் பெண் அடையும் வருவதை விளக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் பெண்பாலேதானாம், அழுத்தமான 'ஆ'வில் ஆரம்பிப்பதால் முன்னால் மட்டும் 'ஏல்' வருமாம். இவர் அதற்குள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அம்மா முழு மனசோடு ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு சாயங்காலம் கிரான் வியாவுக்குக் கூட்டிப் போயிருந்தோம். பெரிய தெரு என்பதற்கு 'கிராந்தே' தானே வரவேண்டும், ஏன் 'கிரான்' என்று போட்டிருக்கிறது என்று கேட்டாள். ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் கடைசி அசை விழுந்துவிடும் என்றேன். நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "ஈறு போதல்!" பெருமை கூட்டல் வழி, மை போய்ப் பெருவழி. நன்னூலில் இருப்பதை இவன் எப்படி எடுத்துத் தெருவுக்கு வைத்தான் என்று ஒரே பூரிப்பு. அந்தச் சந்தோஷத்தில் ஐஸ்கிரீமெல்லாம் அவள் காசு. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், 'புவேனோ' என்பதும் முன்னால் வந்தால் 'புவென்' ஆகும், ஆனால் ஆண்பாலுக்கு மட்டும், பெண்பாலுக்கு 'புவேனா' அப்படியே நிற்கும் என்றேன். "ஆம்பளைக்கு மட்டும் ஈறு போகுமோ? என்ன இலக்கணம்ட்டி இது, சவத்த!"

கிரான் வியாவோடு அது போயிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் மாடி அம்மாளுக்கும் அம்மாவுக்கும் லிஃப்டில் சிநேகிதம் ஆகிவிட்டது. இருவருக்கும் பொது மொழி கிடையாது, மூட்டுவலி மட்டும் பொது. அம்மா அவரைக் காட்டி என்னிடம் 'கிரான் அமிகா' என்று சொல்ல, மகத்தான சிநேகிதி என்று அந்த அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அன்று சாயங்காலமே தோர்த்தியா வந்தது. முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு இரண்டு விரல் கனத்தில். பாப்பா சும்மா இருந்தாளா? "ஆச்சி, பெயரடை பேருக்குப் பின்னாடிதான் வரணும், ஸ்கூல்ல அப்படித்தான்" என்றாள். அம்மா உடனே கீழ்ப்படிந்தாள். மறுநாள் அதே லிஃப்டில், கூட இரண்டு பேர் இருக்கும்போது, 'அமிகா கிராந்தே'. அடை பின்னால் போனதும் அது குணத்தைச் சொல்வதை விட்டுவிட்டு உடம்பைச் சொல்ல ஆரம்பித்துவிடும். அந்த அம்மாள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார் வேறு. அடுத்த இரண்டு நாளும் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினார், பாவம். தோர்த்தியா நின்றது.

சரி, மீன் விஷயத்துக்கு வருகிறேன்.

தெருமுனைச் சந்தையில் மீன்கடை. டோக்கன் கிடையாது. வருகிற ஆள் சத்தமாகக் 'கடைசி யார்?' என்று கேட்கவேண்டும், ஒருவர் கை தூக்குவார், அவருக்குப் பின்னால் நாம். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போய் நின்று வம்பளக்கலாம், வரிசை தலைக்குள்தான் இருக்கும். ரேஷன் கடையில் கல்லையும் பையையும் வரிசையில் வைத்துப் பழகிய அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு குறைதான். வரிசையில் பத்துப் பெண்கள் நின்று ஒரே ஒரு ஆண் வந்துவிட்டால் அத்தனை பேரையும் ஆண்பால் பன்மையில் 'எயோஸ்' என்றுதான் சொல்லவேண்டும் என்று பாப்பா சொல்லியிருந்தாள். "நம்மகிட்ட பலர்பால்னு ஒண்ணு இருக்கு, வேணும்னா வாங்கிட்டுப் போகச் சொல்லு" என்று அதற்கும் தீர்ப்பு வந்தது.

ஐஸ் மேல் வரிசையாக மீன், ஒவ்வொன்றிலும் அட்டை. சாளைக்கு 'ஃப்ரெஸ்காஸ்', நெத்திலிக்கு 'ஃப்ரெஸ்கோஸ்'. அதாவது சாளை எல்லாம் பெண், நெத்திலி எல்லாம் ஆண். முட்டை எப்படி வைக்கும் என்று கேட்காதீர்கள், நான் கேட்டாயிற்று. இன்னொரு அட்டையில் 'பொனிட்டோ' என்று மட்டும் இருந்தது. அழகு என்று பாப்பா சொல்லிக்கொடுத்த சொல். மற்ற மீனெல்லாம் என்ன பாவம் செய்தது, இதை மட்டும் ஏன் அழகு என்று எழுதியிருக்கிறான் என்று அம்மா வெகுநேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அது மீனின் பெயரே. கோடையில் வடக்கே கான்டாப்ரியக் கடலில் தூண்டிலில் பிடிக்கிற சூரை வகை. பார்க்கவும் சூரை மாதிரிதான் இருக்கும், அழகு என்றெல்லாம் சொல்ல முடியாது.

மீன்காரர் எல்லாப் பெண்களையும் 'குவாப்பா', அதாவது அழகி, என்றுதான் கூப்பிடுவார். எண்பது வயசு என்றாலும் குவாப்பாதான். முதல் தடவை அர்த்தம் தெரிந்தபோது அம்மா முகத்தை வெட்டினாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து மீன்கடைக்குப் பவுடர் பூசிக்கொண்டு வருகிறாள்.

நேற்று நல்ல கூட்டம். போன வாரம் அவர் கொடுத்த நெத்திலி அபாரம், அதைச் சொல்லியே தீருவேன் என்று வரும்போதே ஒத்திகை. 'இருக்கிறது' என்பதற்கு இங்கே இரண்டு வினை, சாப்பாடு ருசி என்றால் 'எஸ்' வராது, 'எஸ்தா' வரும் என்பதைப் பாப்பா நன்றாகப் பதிய வைத்திருந்தாள். எங்கள் முறை வந்தது. அம்மா நெத்திலியை விட்டுவிட்டாள். நேராக அந்த மனிதரைப் பார்த்து, விரலை நீட்டி, பாடம் ஒப்பிக்கிற குரலில், "உஸ்தேத் எஸ்தா முய் புவேனோ!"

பால் சரி. எண் சரி. மரியாதைக்கு உஸ்தேத் கூட இருக்கிறது. 'எஸ்' போட்டிருந்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். 'எஸ்தா' போட்டதால், மீனுக்குச் சொன்னால் ருசி, ஆளுக்குச் சொன்னால் 'கும்முனு இருக்கீரே' என்கிற ரகம்.

கத்தி அந்தரத்தில் நின்றது. அப்புறம் சந்தையே சிரித்தது, எதிர்க் கறிக்கடைக்காரர் வெளியே வந்து என்ன என்று கேட்டார், வரிசையில் இருந்த ஒரு கிழவி "அவங்க சொல்றது சரிதானே" என்று வழிமொழிந்தார். மீன்காரர் காது வரைக்கும் சிவந்துபோய், நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினார். நெத்திலி ஒரு கை கூடுதல், இரண்டு எலுமிச்சை, ஒரு பெரிய கட்டு பெரெஹில். மல்லித்தழைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்குமே, அது. மீன் வாங்கினால் அதைச் சும்மா கொடுப்பது இங்கே வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறார்கள், நான் கேட்கும்போதெல்லாம் தீர்ந்துபோயிருக்கும்.

வீட்டுக்கு வந்து அர்த்தத்தைச் சொன்னேன். வெட்கப்படுவாள், அந்தக் கடைப் பக்கமே போகமாட்டாள் என்று நினைத்தேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டே யோசித்தாள். "தப்பு வினையிலதான். சேதியில ஒண்ணும் தப்பில்லை. அந்தத் தம்பி பார்க்க நல்லாத்தானே இருக்கான்."

இன்று தயிர் வாங்கப் போன இடத்தில் மீன்காரர் என்னைக் கூப்பிட்டார். குவாப்பா கிடையாது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார், ஆகஸ்டு முழுக்கக் கடை அடைப்பு, ஊருக்குப் போகிறேன், செப்டம்பரில் திறக்கும்போது அவர் இருப்பாரா என்றும் கேட்டார். செப்டம்பருக்கு முன்னால் விசா முடிகிறது என்றேன். நல்ல ஸ்பானிஷில், எல்லா அடையும் பொருந்த. அவருக்கு முகம் வாடிவிட்டது.

அம்மாவிடம் சொன்னதிலிருந்து டிக்கெட்டைத் தள்ளிப் போடு என்று ஒரே நச்சரிப்பு. டிக்கெட் மாற்றக் கேட்கிற காசுக்கு அந்த மீன்கடையையே விலை பேசலாம், அது ஒருபுறம் இருக்கட்டும், ஷெங்கன் விசாவில் 180 நாளைக்குள் 90 நாள்தான் இருக்கலாம், அதற்கு மேல் ஒரு நாள் கூட முடியாது என்று இவரும் நானும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துவிட்டோம்.

"அந்தத் தொண்ணூறுல ஆகஸ்டைக் கழிச்சுக்கச் சொல்லுட்டி" என்கிறாள். "எல்லாவனும் கடையைப் பூட்டிட்டுப் போயிருதான். நான் மட்டும் யாரைப் பார்க்க இங்க இருக்கேன்னு கணக்கு?"